கேட்காத பெயர்கள்

ரொறன்ரோ
28.06.2009

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

முகாமில் நீங்கள் இருவரும் சுகமாயிருக்க வேண்டும். அப்பாவின் இருமல் குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

பல்கலைக்கழகத்தில் தமிழ்த் தேர்ச்சிப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்துவிட்டேன். அதற்கே ஒரு பாடத்துக்குரிய கிரெடிட் தருகிறார்கள். இனி வேறு மொழி படிக்கத் தேவையில்லை.

அதில் ஒரு பகிடி. பாடசாலை விழா ஒன்றைப் பற்றிய செய்தியை ஒலிக்கவிட்டார்கள். விழா எங்கே, எதற்காக நடந்தது என்று எழுத வேண்டும். நானோ வந்தவர்களின் பெயர்களை ஊரோடு எழுதித் தாளை நிரப்பியிருந்தேன். வேறொன்றும் எழுதவில்லை. பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர். தாளைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, கேள்வியில பேர் ஒண்டும் கேக்கேல்லையே?" என்றார்.

"ரேடியோ கேட்டுப் பழகிப்போச்சு அங்கிள்," என்றேன்.

சண்டை முடிந்து முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை இங்கே தமிழ் வானொலியில் ஊரோடு வாசிக்கிறார்கள். உங்கள் பெயர்களும் எனக்கு அப்படித்தான் கிடைத்தன. அவர் செய்தியை மறுபடி போட்டுவிட்டார். நான் எழுதி முடிக்கும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அனுப்பிய சவர்க்காரமும் பால்மாவும் வந்தனவா? பதில் போடும்போது கூடார இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிறது.

தம்பி நிரோசனின் பெயரை வானொலியில் நான் இன்னும் கேட்கவில்லை. வாசித்த நேரம் வேலையில் நின்றிருப்பேன். பதில் கடிதத்தில் அவன் பெயரை அவனையே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
வதனி