துரை மேல் போட்ட பழி

அக்கா,

இன்று காலையில் ஸ்டெல்லா என் கட்டிலுக்கு அடியில் பினாயில் ஊற்றித் துடைத்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். உன் கடைசி வருஷம் முழுக்க இந்த வீட்டில் அடித்த வாடை அதுதானே. பினாயிலும், பினாயிலுக்குப் போகாத இன்னொன்றும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நம் கோயில் உபதேசியார் எழுதுகிறார். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி வைக்கும்போது இதையும் உன் தலைமாட்டில் வைக்கலாமென்று இருக்கிறேன். மருமகள் ஸ்டெல்லாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். ஆனால் அவளை எதிரே வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பேச்சு இல்லை இது.

துரையை நீ கொண்டுவந்த நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டிவிட்டு, வாளிக்குள் பூனைக்குட்டியை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தாய்.

"தோட்டத்துல எலி மருந்து வச்சிருக்காக. இவன் ஆத்தாக்காரி அதத் தின்னுட்டு வாய்க்கா ஓரத்துல கெடக்குறா. இவன வெளிய விடமாட்டேன்டா தம்பி."

எஸ்டேட்டுத் துரை மாதிரி நடக்கிறான் என்று பேர் வைத்ததும் நீதான். ஓட்டை விழுந்த சிமெண்டுச் சட்டியில் முல்லையாற்று மணலைச் சலித்துப் போட்டு மூலையில் வைத்தாய். இரண்டொரு தடவை தூக்கி அதில் விட்டாய், பிடித்துக்கொண்டான். போய் உட்காருவான், மணலைத் தள்ளி மூடுவான், மோந்து பார்ப்பான், திருப்தி இல்லாமல் இன்னும் கொஞ்சம் மூடுவான். "இந்த வீட்டு ஆம்பளைகளுக்கு இவன் எவ்வளவோ மேல்" என்று என்னையும் என் மகனையும் சேர்த்தே ஒரு குத்துக் குத்துவாய்.

பிறகு உனக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கட்டிலோடு கிடந்தாய். ஒரு காலை ஸ்டெல்லா காப்பியோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பெரியம்மா, வாடையா இருக்கு?"

நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். துரை உன் கால்மாட்டில் சுருண்டு கிடந்தான்.

"இந்தத் துரைப் பய பண்ணிட்டான்த்தா" என்றாய்.

நான் உன் சேலையைப் பார்த்தேன், நனைந்திருந்தது. நீ மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். அய்யா கம்போடு வரும்போது சின்ன வயதில் என்னைப் பார்ப்பாயே, அதே பார்வை.

"ஏலே துரை! மணல் எதுக்குலே வச்சிருக்கு?" என்று ஒரு சத்தம் போட்டேன். அவன் காதை மட்டும் திருப்பினான்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நீ சொல்வாய், நான் அதட்டுவேன், ஸ்டெல்லா விரிப்பை உருவிக்கொண்டே அவனை ஏசுவாள். "சோறு மட்டும் தொரை மாதிரி திங்கத் தெரியுது. ஒன்னையச் சாக்குல கட்டிக் கடமலைக்குண்டு சந்தையில விட்டாத்தான்டா புத்தி வரும்." துரை ஒருநாளும் சட்டியை விட்டு வெளியே போனவனில்லை. "பாவம்க்கா அவன்" என்று ஒரு தடவை சொன்னேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய்: "பூனைக்கு மானம் போகாதுடா. எனக்குப் போகும்."

பங்குனியில் நீ போனாய். முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போய், வீடு வெறிச்சென்று கிடந்த சமயம் என் பாய் ஓரம் நனைந்திருந்தது. நிஜமாகவே துரை பண்ணியது.

"துரை பண்ணிட்டான்த்தா" என்றேன்.

ஸ்டெல்லா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவனை ஏசவில்லை. "சரி மாமா, விடுங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி என் துண்டு நனைந்தது, பிறகு கட்டில் கால். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் இன்னும் இறங்கியது. இருட்டினால் எனக்குத் தண்ணீர் குறைத்துக் கொடுத்தாள். ஒருநாள் உனக்கு விரித்த ரப்பர் விரிப்பைத் தேடி எடுத்து என் கட்டிலில் விரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏத்தா, நான் இல்ல. பூனைதான்!"

"நான் உங்கள ஒண்ணும் சொல்லலயே மாமா."

"சத்தியமா பூனைதான்!"

"சரி மாமா. பூனைதான்."

எத்தனை சத்தியம் பண்ணினேனோ அத்தனைக்கும் அவள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. மகன் என்னைத் தேனிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடு, மூத்திரம் கொடு என்று ஒருநாள் முழுக்க அலைய வைத்தான். எனக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். மகன் நம்பினான், ஸ்டெல்லா நம்பவில்லை. நான் கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினேன். என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் துரையை யாரும் பார்க்கவில்லை.

அவன் சட்டியில் போய் உட்காருவான். வெகுநேரம் உட்காருவான். மணல் நனையாது. இறங்கி வந்து தரையில் உட்காருவான், அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போடுவான். ஒரு மத்தியானம் என் வேட்டியில் சொட்டிவிட்டுப் போனான். சொட்டு சிவப்பாக இருந்தது. வேட்டியை ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

"ஐயோ மாமா, ரத்தமா போகுதா?" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அவளுக்கு எதிரிலேயே துரை உட்கார்ந்து முக்கினான். சிமெண்டுத் தரையில் ஒரு சிவப்புச் சொட்டு. ஸ்டெல்லா அதைப் பார்த்தாள், என் வேட்டியைப் பார்த்தாள். திராட்சைக் கூடையை எடுத்து அவனை அதில் வைத்தாள். பஸ் பிடித்து மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிவிட்டது. "ஆண் பூனைக்கு வர்றதுதான். மூத்திரம் போற வழியில மணல் மாதிரி அடைச்சுக்கும். சட்டியில போனா வலிக்குதுன்னு கண்ட எடத்துல போகும். சேட்டைன்னு நெனச்சு வீட்டுல திட்டுவாங்க" என்றார். குழாயை எடுத்துக்கொண்டே கேட்டார்: "முன்னாடியும் இப்படி வெளிய போற பழக்கம் உண்டா?"

நான் தரையைப் பார்த்தேன். வீடு அதிர அவனை ஏசியவள் ஸ்டெல்லாதானே.

"இல்ல மேடம்" என்றாள் ஸ்டெல்லா. "இதுக்கு முன்னாடி ஒருநாகூட அவன் வெளிய போனதில்ல."

அக்கா, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதல்நாள் காப்பியோடு நின்றபோதே தெரிந்திருக்கிறது.

துரை அந்த மேசை மேலேயே உயிரை விட்டான். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. திரும்பும் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "பெரியம்மா மாதிரி ஒங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன் மாமா. மனசு நோகும்னுதான் வாயத் தொறக்கல."

முருங்கைக்கு அடியில் அவனைப் புதைத்தேன். சட்டியில் இருந்த மணலைக் கொட்டி மூடினேன். போதாதென்று தோன்றி இன்னும் கொஞ்சம் மண்ணைத் தள்ளினேன்.

இப்போது ஐப்பசி மழை. இன்று காலையில் விழித்தபோது என் போர்வை நனைந்திருந்தது. இந்தத் தடவை நான்தான் அக்கா. நான் எழுந்திருக்குமுன் ஸ்டெல்லா காப்பியோடு வந்து நிலைப்படியில் நின்றுவிட்டாள். என் வாயில் உன் சொல்தான் வந்தது, அதைச் சொல்லப் பூனை இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்ப் பினாயிலை எடுத்துவந்து குனிந்தாள்.

"இந்தத் துரைப் பய செத்தும் திருந்தல பாருங்க மாமா."

தலையைத் தூக்காமல் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் துடைத்து முடிக்கிற நேரத்துக்குச் சுவரை விட்டுத் திரும்பினேன்.

"ஏலே துரை!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

காதைத் திருப்ப அங்கே ஒருவனும் இல்லை.