அப்பாவின் இடுப்புத் துப்பாக்கி

ஆஷ் க்ரீக், மொன்டானா
9 செப்டம்பர் 1983, வெள்ளி இரவு

அன்புள்ள டெல் மாமாவுக்கு,

வெர்னா எழுதுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா? ஆடுகளை மலையிலிருந்து இறக்கிவிட்டீர்களா? இதை அப்பாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தபால் நிலையத்து மிஸஸ் லுண்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என் பெயருக்கு வருவதை அவர் தனியாக எடுத்து வைப்பார்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்பா தன்னைத் தானே சுட்டுக்கொண்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நீங்களும் அப்பாவும் ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்த எண் போட்ட இரண்டு மேக்னம் ரிவால்வர்கள் வாங்கிய கதையை அம்மா எத்தனை முறை சொல்லியிருக்கிறாள். கல்யாண நாள் மறந்தாலும் அந்த நாள் உங்கள் இருவருக்கும் மறக்காது என்பாள். அந்தத் துப்பாக்கி எனக்கும் பிடிக்கும், மாமா. அதனால்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதில் சின்ன குண்டு போட்டுத் தருவார். பீன்ஸ் டப்பாக்களை வேலிமேல் வரிசையாக வைத்து நான் சுடுவேன். ஆறுக்கு நாலு விழும். "துப்பாக்கி சரியாத்தான் பாக்குது, நீதான் கண்ண மூடுற" என்பார். இடுப்பில் இருக்கும்போது இருப்பதே தெரியாது, இல்லாதபோதுதான் தெரியும் என்பார்.

அம்மாவைப் புதைத்த பிறகு ஒரு ஞாயிறுகூட டப்பா வைக்கவில்லை. சுடுவதில்லை, ஆனால் தினமும் துடைக்கிறார். சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, எண்ணெய் போட்டு, ஒரு மணி நேரம். புது சேணத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். நிலப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொன்று. பழைய ஆட்கள் மாதிரி அப்பா ஐந்து குண்டுதான் போடுவார், கீழே விழுந்தாலும் தவறி வெடிக்காதபடி சுத்தியலுக்கு நேரே உள்ள ஆறாவது அறை காலியாக இருக்கும். இந்தத் துப்பாக்கிக்கு அது தேவையே இல்லை என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள். போன வாரம் அவர் குளிக்கும்போது எடுத்துப் பார்த்தேன். ஆறும் நிறைந்திருந்தது.

நீங்கள் வந்து எப்படியாவது அதை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மருமகள்
வெர்னா


ஐடஹோ
20 செப்டம்பர் 1983

செல்லக்குட்டி வெர்னாவுக்கு,

உன் கடிதத்தை ஆட்டுக் கொட்டகையில் நின்றபடியே படித்தேன். படித்த பிறகு ஒரு ஆட்டை இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

நீ பயப்படுகிற மாதிரி இருக்காது என்று நினைக்கிறேன். என் தங்கை போன துக்கம் அவனை அரிக்கிறது, அவ்வளவுதான். துடைப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நானும்தான் துடைக்கிறேன். அதைக் கையில் எடுத்தால் மனசு நிதானப்படும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது என்னைக் கைவிட்டதில்லை. விசையை இழுத்தால் காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி சுத்தமாக விடும். மழையில் நனைந்திருக்கிறது, ஆற்றில் விழுந்திருக்கிறது, ஒரு முறை கோவேறு கழுதை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. இடுப்பு உறை உரசி உரசி குழல் வாய்ப்பக்கம் நீலப் பூச்சு போய் வெள்ளிபோல ஆகிவிட்டது. எனக்கு அந்த இடம்தான் அழகு. மனிதர்களில் இப்படி ஒருத்தரைச் சொல்லு பார்ப்போம்.

சேணத்தைச் சும்மா கொடுத்தான் என்கிறாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா ஓரின் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். இந்தப் பக்கத்தில் ஒருத்தனிடம் போய் "உன் இடுப்பில் இருப்பதைக் கொடு" என்று கேட்பது, "நீ ஆள் இல்லை" என்று சொல்வதற்குச் சமம். அதைச் சொல்லிவிட்டு அவன் மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிக்க முடியாது. இரவல் கேட்கலாம். இரவல் கேட்பதில் அவமானம் இல்லை. அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன். அதுவரை நீ ஒன்றும் செய்யாதே, ஒன்றும் பேசாதே. பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்
டெல் மாமா


ஆஷ் க்ரீக்
10 அக்டோபர் 1983, திங்கள் இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நேற்று காலை கிளம்பியதிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை நீங்கள் வந்து இறங்கியதும் எனக்கு எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? மான் கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றேன், ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"ஓரின், ஒன்னோடத கொஞ்ச நாள் எனக்குக் குடேன். கையில புடிச்சு ரொம்ப நாளாச்சு" என்றீர்கள்.

"எடுத்துக்கோ. நீ கேட்டு நான் எதத் தரல? தங்கச்சிய மட்டும் நான் கேட்டேன், நீ ஒரு வருஷம் இழுத்தடிச்சே."

"அவதான் இழுத்தடிச்சா. நான் அன்னைக்கே ஓட்டிக்கிட்டுப் போன்னு சொன்னேன்."

இருவரும் சிரித்தீர்கள். அப்பா பெல்ட்டிலிருந்து எடுத்து உங்கள் கையில் வைத்தார். அம்மா போனதிலிருந்து ஏழு மாதமாக அடைத்திருந்த என் மூச்சு அப்போது வெளியே வந்தது.

பிறகு அப்பா சொன்னார்: "நாளன்னைக்கு வடக்கு வேலிக்குத் தனியா போறேன். அங்க குட்டியோட ஒரு கரடி திரியுது. காலி உறையோடயா போவேன்?"

உங்கள் காது சிவந்தது. நான் கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. உங்களுடையதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டீர்கள்.

அப்பா அதை எடுத்து உறையில் போட்டார். "ரெண்டும் ஒரு வயித்துல பொறந்தது. அளவு மாறுமா?" என்றார்.

இரவு முழுவதும் இருவரும் எந்தக் குண்டு எவ்வளவு உதைக்கும், யாருடைய பிடி வழுக்கும் என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவின் பெயர் அதற்குப் பிறகு ஒரு முறைகூட வரவில்லை.

இன்று சாயங்காலம் அப்பா மேஜையில் துணி விரித்தார். உங்கள் துப்பாக்கியைத் துடைத்தார். ஒரு மணி நேரம்.

வெர்னா


ஐடஹோ
19 அக்டோபர் 1983

வெர்னாவுக்கு,

நீ "உங்கள் மருமகள்" என்று போடாததைப் பார்த்தேன். அது எனக்குத் தகும்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "ஓரின், நீ சாகப் பாக்குறியா?" அவ்வளவுதான் வாக்கியம். வண்டிக்குள் நன்றாகவே வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் நானும் அவனும் விசையைப் பற்றியும் உறையைப் பற்றியும் பேசியே ஓட்டிவிட்டோம். மற்றதெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். காலி உறையோடு ஒருத்தனைக் கரடிக் காட்டுக்கு அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. கை தானாகப் போய்விட்டது. பாலத்தைத் தாண்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று உறைத்தது. திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

அவனுடையது இங்கே என் இடுப்பில் இருக்கிறது. எடை ஒன்றுதான், ஆனாலும் நடக்கும்போது தெரிகிறது.

நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு நவம்பர் கடைசியில் வருகிறேன். அப்போது கட்டாயம் பேசுகிறேன். நீ குழந்தை. நீ கேட்காதே. மகள் கேட்டால் அவன் தாங்கமாட்டான்.

டெல் மாமா


ஆஷ் க்ரீக்
6 நவம்பர் 1983, ஞாயிறு இரவு

அன்புள்ள டெல் மாமாவுக்கு,

நான் கேட்டுவிட்டேன்.

நவம்பர் கடைசிவரை என்னால் முடியவில்லை. ஒவ்வொரு நாள் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்க்கிறேன். புகை தெரியும்வரை என் கால் நகராது. டிரைவர் ஒரு நாள், "என்ன பொண்ணே, வீடு மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை அப்பா முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று கேட்டேன்.

"அப்பா, நீங்க சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

அவர் திரும்பவில்லை. "யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரும் சொல்லல. நான் பாத்தேன்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நான் போகல. அதக் குடுங்கப்பா."

முட்டை கருகும்வரை நின்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய் லாரிக்குள் உட்கார்ந்தார். துப்பாக்கி இடுப்பில் இருந்தது. நானும் போய் மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் லாரியைக் கிளப்பவில்லை. நானும் இறங்கவில்லை. மத்தியானம், "போய்ச் சாப்புடு" என்றார். "நீங்க வந்தா வரேன்" என்றேன். மூன்று நாள் அப்படித்தான். வேலிக்குப் போனால் வேலிக்கு, கொட்டகைக்குப் போனால் கொட்டகைக்கு. ராத்திரி அவர் அறை வாசலில் படுத்தேன். ஒரு முறை என்னைத் தாண்டிப் போக வந்தவர், தாண்டாமல் திரும்பிப் போனார். இரண்டாம் நாள், "ஒங்கம்மா மாதிரி பிடிவாதம்" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் அழவில்லை. அழுதால் கண் மூடிவிடுவேனோ என்று பயம்.

வியாழக்கிழமை அவராகவே லாரியைக் கிளப்பினார். தீவனக் கடைக்குப் போய் உங்கள் துப்பாக்கியைக் காலி செய்து கடைக்காரர் மிஸ்டர் ப்ரூக்கின் மேஜையில் வைத்தார்.

"ஒன் பெட்டகத்துல வச்சுக்கோ" என்றார்.

ப்ரூக் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்தார். "எத்தன நாளைக்கு?"

"இவ சொல்ற வரைக்கும்."

அன்றிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், வருகிறார். வலது கை அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்க்கிறது. தொட்டதும் என்னைப் பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை ஊருக்கு வரும் டாக்டரிடம் போகலாம் என்றேன். "பாக்கலாம்" என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை.

மாமா, முக்கியமான விஷயம் இனிமேல்தான். அப்பா நேற்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்து, "தபால்ல போடு" என்றார். நான் படித்தேன். தன் துப்பாக்கியைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார். வடக்கு வேலியில் கரடித் தொல்லை என்று எழுதியிருக்கிறார். பனி முழங்கால்வரை விழுந்துவிட்டது. கரடிகளெல்லாம் எப்போதோ குளிர்காலத் தூக்கத்துக்குப் போய்விட்டன. அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கிழித்துப் போட நினைத்தேன். கிழித்தால் இன்னொன்று எழுதுவார், அதை என்னிடம் கொடுக்கமாட்டார். அதனால் நாளைக் காலை இரண்டையும் நானே மிஸஸ் லுண்டிடம் கொடுப்பேன். ஒரே தபால் பையில்தான் உங்களிடம் வரும்.

எனக்குப் பதில் வேண்டாம். அவருக்கு எழுதுங்கள். கரடியைப் பற்றி எழுதாதீர்கள், துப்பாக்கி உறையைப் பற்றி எழுதாதீர்கள். தரமாட்டேன் என்று எழுதி, ஏன் தரமாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அம்மாவின் பெயரையும் எழுதுங்கள்.

அது முடியாமல் துப்பாக்கியைத்தான் அனுப்புவீர்கள் என்றால், அதன் பிறகு இந்த வீட்டுக்கு வராதீர்கள்.

டார்ச் மங்குகிறது. அப்பா அறையில் கட்டில் சத்தம் கேட்கிறது. புரண்டு படுக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.

பார்த்துவிட்டேன். தூங்குகிறார்.

உங்கள் மருமகள்
வெர்னா