ஜன்னலோரத்து இடம்

ஈப்போவில் அண்ணன் வீட்டிலிருக்கும் என்னவளுக்கு,

பதில் போடாவிட்டாலும் இதைப் படி.

நம் தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டு வரிசைப்படி, லயம் லயமாகத்தான் உட்காருவார்கள். போன திங்களன்று மேட்டு லயத்துப் பெஞ்சு மட்டும் காலி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் ஓடினேன்.

"புள்ளைங்க மீன் புடிக்கப் போயிருக்கும்லா, வாத்தியாரே" என்றார்.

விடவில்லை, கையோடு அழைத்துப் போனேன். வீட்டுக்கு வீடு காய்ச்சல். சின்னவளைப் பறிகொடுத்த வருஷம் நம் வீட்டில் கேட்ட அதே இருமல். டிரெசர் அன்றே அந்த லயத்தாரைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராமல் நிறுத்தினார். நான் பள்ளியை மூடினேன். மற்ற லயங்களுக்குப் பரவவில்லை.

இன்று எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். காய்ச்சலிலிருந்து எழுந்த கருப்பம்மாள் மகள் வெயில் வேண்டுமென்று ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள். நம் சின்னவளின் இடம்; இத்தனை நாள் அங்கே யாரையும் விட்டதில்லை. எழுப்ப மனம் வரவில்லை.

வரும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கி வா.

உன் வாத்தியார்