பெட்டிக்குள் கிடந்த ஆறு கேட்டலாக்குகள்

அண்ணா,

மாங்காட்டில் என் மகன் வாங்கியிருக்கும் வீட்டில் அலமாரி வேலை நடக்கிறது. நான்கு நாளாக வீடு முழுக்க மரத்தூள் வாசனை. நேற்று மதியம் சாப்பாடு முடிந்ததும் தச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தண்ணீர் கொடுக்கப் போன நான் எட்டிப் பார்த்தேன். சினிமா இல்லை, செய்தி இல்லை. கட்டைவிரலால் தள்ளத் தள்ள இழைப்புளிகளும் உளிகளும் ரம்பங்களும் வந்துகொண்டே இருந்தன. பிடித்துப்போனதை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, பிடியின் வளைவை வெகுநேரம் பார்த்தார்.

வாங்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"இல்லம்மா, சும்மா பாத்துகினு கீறேன்" என்றார், திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்டவர் போல.

சொம்பை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று மருமகள் கேட்டாள். இல்லை, எங்கள் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். நீ போய் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவள் உன்னைப் பார்த்ததே இல்லை.

பாரிவாக்கத்தில் நைனா காலம் வரைக்கும் நம் ஆட்கள் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் சேற்றில் நின்றவர்கள். நம் தெருவிலிருந்து தொழிற்சாலைகள் நிறைந்த அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதலில் சைக்கிள் மிதித்தவன் நீ. இரும்பு வார்க்கும் கம்பெனியில் உனக்குப் பேட்டர்ன் தச்சர் வேலை. இரும்பில் எது செய்வதானாலும் முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும், அந்த மர உருவை மண்ணில் பதித்து எடுத்தால் கிடைக்கிற பள்ளத்தில்தான் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள் என்று அம்மாவுக்கு நீ எத்தனையோ முறை விளக்கினாய். அம்மாவுக்குப் புரிந்தது ஒன்றுதான். தன் மகன் செய்யாவிட்டால் இரும்புக்கு உருவம் இல்லை. தெருவில் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

கேட்டலாக் பித்து உன்னை எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். மூர் மார்க்கெட்டில் பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்தாய். கடைசிப் பக்கத்தில் தச்சுக் கருவிகளின் விளம்பரம், கீழே பொடி எழுத்தில் ஏதோ. நான் அப்போது பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். படித்துச் சொல்லச் சொன்னாய். எழுதிக் கேட்டால் எங்கள் கேட்டலாக்கை இலவசமாக அனுப்புவோம் என்று போட்டிருக்கிறது என்றேன். நீ நம்பவில்லை. சீமையில் இருப்பவன் நமக்கு எதற்கு அனுப்பப் போகிறான் என்றாய். ஆனால் மறுநாளே தபாலாபீசில் வெளிநாட்டுக்கு எழுதும் நீல ஏரோகிராம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாய்.

இன்ஸ்டிட்யூட்டில் சாருக்குத் தெரியாமல் அடித்தேன். தனி ஆளுக்கு அனுப்புவார்களோ மாட்டார்களோ என்று உன் பெயருக்குக் கீழே 'புரொப்ரைட்டர்' என்று நானாகச் சேர்த்தேன். முதலாளி என்று அர்த்தம் சொன்னதும் நீ பதறிப்போனாய். நம் தெருவுக்குத் தபால்காரர் வருவது அபூர்வம் என்பதால் இன்ஸ்டிட்யூட் விலாசத்தையே கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து, அட்டைப்பெட்டி போலத் தடித்த ஒரு உறை வந்தது. அன்றைக்கு நீ சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாய்.

அதன் பிறகு இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் என்று எங்கெங்கிருந்தோ வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு முடிந்ததும் பாயை விரிப்பாய். உன்னோடு வேலை செய்த இருவர் ஆவடியிலிருந்து வந்துவிடுவார்கள். மூன்று பேரும் குப்புறப் படுத்து, ஒருவர் தலையோடு ஒருவர் தலை முட்ட, பக்கம் பக்கமாகப் பார்ப்பீர்கள். உங்களுக்குள் ஒரு ஆட்டம் இருந்தது. "பக்கத்துக்கு ஒண்ணுதான் எடுக்கணும், ரெண்டு எடுத்தா ஆட்டத்துல இல்ல" என்பாய். எடுப்பது என்றால் விரலை வைத்துக் காட்டுவதுதான். அதற்கே சண்டை வரும். ஒரு பக்கத்தில் நீயும் அவர்களில் ஒருவரும் ஒரே உளியின் மேல் விரலை வைத்து, அரை மணி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்ததைப் பார்த்து நானும் அம்மாவும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. படத்தின் மேல் உன் கையை விரித்து வைத்து, இந்தப் பிடி நம் கைக்குப் பெரிது, வெள்ளைக்காரன் கைக்குச் செய்திருக்கிறான் என்பாய். அதில் இருந்த எதையும் நீ வாங்கியதில்லை. வாங்க வேண்டும் என்று ஏங்கிப் பேசியதும் இல்லை. கோயிலுக்குப் போகிறவன் சாமியை வீட்டுக்கா கொண்டுவருகிறான்?

ஒரு ஆனி மாதம் இழைப்பு மெஷினில் நீ ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாய். கணு ஒன்று பிளேடில் மாட்டிப் பலகை துள்ளியது. வலது கையில் நடு மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ வருவதற்கு முன் அம்மா கேட்டலாக்குகளை எல்லாம் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டாள். "அவன் கண்ணுல பட்டா மனசு ஒடஞ்சி பூடுவான் பாப்பா. இனிமே எதுனா வந்தாலும் காட்டாத" என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அண்ணா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது நாள் கழித்து முதல் உறை வந்தது. இன்ஸ்டிட்யூட் வாசலிலேயே பிரித்தேன். அட்டையில் முழு நீளத்துக்கு ஒரு ரம்பம், பல் பல்லாக. உடனே மறுபடி உறைக்குள் தள்ளினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, என் தகரப் பெட்டியில் தாவணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அன்று மாலை நீ கேட்டாய், அங்கிருந்து ஏதாவது வந்ததா என்று. இல்லண்ணா என்றேன். அது முதல் தடவை. அப்புறம் அது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஏழு மாதத்தில் ஆறு உறைகள் சேர்ந்தன. நீ கேட்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாய். ஒருநாள் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் தீக்குச்சி கிழிக்கப் பழகிக்கொண்டே சிரித்தபடி சொன்னாய்: "நான் புரொப்ரைட்டர் இல்லன்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி போலக்குது." நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அந்த வாரம்தான் உன் முதலாளி வந்தார். கார் நம் தெருவுக்குள் நுழைய முடியாமல், வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தே வந்தார். புதிதாகக் கருவி ஸ்டோர் ஒன்று வைக்கிறார்களாம். எந்த வேலைக்கு எந்தக் கருவி, எங்கே வாங்குவது, வந்தது தரமா என்றெல்லாம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். உன்னைப் போலத் தெரிந்தவன் எஸ்டேட்டிலேயே இல்லை, அதற்கு விரல் தேவையில்லை, கண் போதும் என்றார். நீ அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வேணாம் சார். இப்ப புச்சா இன்னா வர்துன்னுகூட எனக்குத் தெரியாது. அவனுங்களே என்ன உட்டுட்டானுங்க."

அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். திங்கட்கிழமை வரை யோசித்துச் சொல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் ஏழு மாதமாகப் பொய் சொன்னவள் என்று தெரிந்துவிடும். சனிக்கிழமை பெட்டியைத் திறந்து ஆறையும் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்காரர்கள் வந்து, அந்த வேலையில் சேருடா என்று உன்னிடம் கெஞ்சினார்கள். நான் அவர்களுக்குக் காபி கொடுத்தேன். நீ அவர்களிடமே திங்கட்கிழமைக்கான பதிலைச் சொல்லி அனுப்பினாய்.

அந்த இடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். நீ பூந்தமல்லி சாலையில் ஒரு மரவாடியில் வாட்ச்மேனாகச் சேர்ந்தாய். லாரி வந்தால் கேட்டைத் திறப்பதும் போனால் மூடுவதும் உன் வேலை. நாம் எழுதுவதை நிறுத்தியதும் உறைகள் வருவதும் நின்றது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு ஆவடியில் கல்யாணம் நிச்சயமானது. பெட்டியைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தது. புகுந்த வீட்டுக்கு அந்த ஆறையும் எடுத்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை. எரிக்கவும் முடியவில்லை. மதியம் நீ சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கொண்டுவந்து உன் முன்னால் பாயில் வைத்தேன்.

நீ முதலில் படங்களைப் பார்க்கவில்லை. உறைகளைத் திருப்பித் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தாய். உனக்கு ஆங்கிலம் வராது, ஆனால் தேதி படிக்கத் தெரியும்.

"ஸ்டோர் வேலைக்கு கூப்ட வந்தாரே, அதுக்கு முன்னாடியே வந்துச்சா இதெல்லாம்?"

"ஆமாண்ணா."

தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள். நீ உறைகளைத் தேதி வரிசைப்படி பாயில் அடுக்கினாய்.

"நான் பாத்தா அயுவேன்னு நெனச்சிகினியா பாப்பா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அயுதிருப்பேன். அயுதுட்டு பாத்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாய். திட்டியிருக்கலாம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். நீ எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாய். கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் பக்கத்தின் ஓரத்தைப் பிடித்து, கிழியாமல், மெதுவாக, ஒவ்வொன்றாகத் திருப்பினாய். பெயர்களைப் படிக்கச் சொன்னாய். படித்தேன். ஆறும் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு இடத்தில், இது புதுசு, இதை நான் பார்த்ததே இல்லை என்றாய். அந்தக் குரலை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் வாரம் ஒரு ஏரோகிராமை என் கையில் கொடுத்து, கடைசியாக ஒரு கடிதம் அடித்துக் கொடு என்றாய். பெயருக்குக் கீழே என்ன போடட்டும் என்று கேட்டேன். வாட்ச்மேன் என்றே போடச் சொன்னாய். மரவாடி விலாசத்தோடு அப்படியே போட்டேன். அதற்கும் கேட்டலாக் வந்தது, அண்ணா. சில மாதம் கழித்து நான் ஆவடியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நீ அதைத்தான் முதலில் காட்டினாய். மரவாடிக்கு மரம் வாங்க வரும் தச்சர்கள் லாரி ஏறும் வரைக்கும் உன் ஸ்டூலைச் சுற்றி நின்று அதைப் பார்ப்பார்களாம். பக்கத்துக்கு ஒன்று என்பதில் அவர்களிடமும் நீ கண்டிப்பாக இருந்தாயாம்.

நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஞ்சள்காமாலை வந்தபோது உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தகவல் கிடைத்து ஆவடியிலிருந்து நான் பஸ் மாறி வந்து சேர்வதற்குள் உன்னைக் குளிப்பாட்டியிருந்தார்கள். நெஞ்சின் மேல் கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கையை இடது கைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தார்கள். நான்தான் அதை வெளியே எடுத்து மேலே வைத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு அறுபது தாண்டியபோது என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. டாக்டர் என்னையும் மகனையும் தனியாக அழைத்து, வயிற்றில் இருப்பது என்ன என்று சொன்னார். வெளியே வந்ததும் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பாகிட்ட சொல்ல வேணாம்மா. தாங்க மாட்டாரு" என்றான். நல்ல பிள்ளை. நான் அவன் கையை எடுத்துவிட்டு, நேராக அறைக்குள் போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். மகன் என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருத்தணியில் இருக்கும் தம்பியை வரச் சொல் என்றார். வீட்டுப் பாகப்பிரிவினையில் தொடங்கி எட்டு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. தம்பி அன்று மாலையே வந்து நின்றார். இவர் பத்து மாதம் இருந்தார். அந்தப் பத்து மாதமும் வாரம் தவறாமல் தம்பி வந்துபோனார்.

அந்த அறைக்குள் நான் தைரியத்தில் போகவில்லை, அண்ணா. ஒரு வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தவளின் பயம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. அந்தப் பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அது போக வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

உன் பாப்பா