யாரும் பிடிக்காமல் நின்ற கயிறு பற்றிய மனு

அனுப்புநர்
உறுப்பினர் அட்டை எண் 412,
சித்தியின் தையல் கடை, மாடி,
பொது நூலகத்துக்கு எதிர் வரிசை.

பெறுநர்
தலைமை நூலக அலுவலர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: ஞாயிறு பாத்திர ஆட்டக் குழுவில் விதி 17-ஐத் தவறாகப் பொருத்தி, என் இருக்கையைப் பறித்து நடுவர் தம் மைத்துனருக்குக் கொடுத்தது – இருக்கையைத் திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

இணைப்பு: விதிப் புத்தகம், பக்கம் 6 (என் கையால் பார்த்து எழுதியது), என் பாத்திரத் தாள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த ஆட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நூலகத்தின் இரண்டாம் மாடியில், பழைய வரைபடங்கள் வைக்கும் அறையில், ஞாயிறு மதியம் ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொருவரும் ஒரு கதையில் வரும் ஆள். கதையில் என்ன நடக்கிறது என்பதை நடுவர் சொல்வார். நம் முறை வரும்போது நம் ஆள் என்ன செய்கிறார் என்பதை நாம் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். தகராறு வந்தால் பதினெட்டுப் பக்க விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் ஏழு மாதம் இருந்த பிறகு எனக்கு ஆறாவது இருக்கை கிடைத்தது.

2. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பள்ளியில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்தார்கள். இப்போது சித்தியின் கடையில் காஜா எடுக்கிறேன், பொத்தான் தைக்கிறேன். வாடிக்கையாளர்களிடம் சித்தி பேசிக்கொள்வார். ஆட்ட மேசையில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். முதல் நான்கு வாரம் என் முறை வந்தபோதெல்லாம் சீட்டில் எழுதி, பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடை அக்காவிடம் தள்ளினேன், அவர் வாசித்தார். ஐந்தாம் வாரத்திலிருந்து நானே சொன்னேன். வீட்டுக்கும் கடைக்கும் வெளியே நான் வாய் திறந்து பேசும் இடம் அது ஒன்றுதான். பரிதாபப்படச் சொல்லி இதை எழுதவில்லை. பறிபோனது வெறும் நாற்காலி அல்ல என்று தங்களுக்குத் தெரிய வேண்டும்.

3. சம்பவம் நடந்தது சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறு. கதைப்படி ஒரு பாழுங்கிணறு, அதன் அடியில் சுரங்கம். என் ஆள் ஒரு கோட்டைக் காவல்காரி. குழுவிலேயே அவளுக்குத்தான் உடல் வலு அதிகம். எனவே மற்ற ஐந்து பேரும் கயிற்றில் இறங்குவது, நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. "நீ வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, கயித்தை மட்டும் விட்டுடாதே" என்று மருந்துக்கடை அக்கா சொன்னார். மூன்று சுற்றிலும் என் முறை வந்தபோது "பிடிச்சிருக்கேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மேசையின் அந்தக் கோடியில் இருந்த டியூஷன் வாத்தியாரே நிமிர்ந்து பார்த்தார்.

4. மூன்றாம் சுற்று முடிந்ததும் நடுவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதி 17-ஐ வாசித்தார். "தொடர்ந்து மூன்று சுற்று எதுவும் செய்யாத பாத்திரம் ஆட்டத்தை விட்டு நீங்கியதாகக் கொள்ளப்படும். அந்த இருக்கை பட்டியலில் அடுத்தவருக்குச் செல்லும்." கயிற்றைப் பிடித்தது முதல் சுற்றுக்கு முன்பே முடிந்துபோன செயலாம், அதன் பிறகு நான் சும்மா நின்றேனாம். "புத்தகத்துல என்ன இருக்கோ அதான். நானா எதையும் சேர்த்துப் படிக்க முடியாது" என்றார். பட்டியலில் அடுத்தவர் அவருடைய மைத்துனர். அவர் அன்று கதவுக்கு வெளியே சொந்தப் பகடையோடு வந்து நின்றிருந்ததைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

5. காவல்காரி போய்விட்டாள் என்றால் கயிறு விழ வேண்டும். கயிறு விழுந்தால் ஐந்து பேரும் விழ வேண்டும். மருந்துக்கடை அக்கா இதைக் கேட்டார். பிடிக்க ஆளில்லாத கயிறு விழும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆகவே கயிறு நிற்கும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஐயா, அந்தரத்தில் நின்ற அந்தக் கயிற்றில் ஏறித்தான் ஐந்து பேரும் மேலே வந்தார்கள். அதற்குப் பிறகு அக்காவும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் மேலே வந்துவிட்டாரே.

6. அதே நாளில், அரை மணி நேரம் முன்னால் நடந்ததையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். டியூஷன் வாத்தியார், தம் ஆளிடம் என்னென்ன பொருள் இருக்கிறது என்று குறிக்கும் பாத்திரத் தாளில் விளக்கு என்று எழுத மறந்திருந்தார். தாளில் எழுதாத பொருள் கையில் இல்லாத பொருள் என்பது விதி 9. அப்போது இதே நடுவர் சொன்னது: "கிணத்துல இறங்குறவரு விளக்கில்லாமயா சார் வருவாரு? எழுத்தையே பார்த்தா எப்படி, விதி எதுக்கு இருக்குன்னு பாக்கணும்." நடுவரின் மகள் அந்த வாத்தியாரிடம்தான் கணக்குப் படிக்கிறாள். எழுத்தைப் பார்ப்பதா, நோக்கத்தைப் பார்ப்பதா என்பது எதிரில் இருக்கும் ஆளைப் பொறுத்தது என்றால், விதிப் புத்தகத்துக்குப் பதிலாக நடுவரின் சொந்தக்காரர்கள் பட்டியலை மேசையில் வைத்துவிடலாம். பக்கமும் குறையும்.

7. எங்கள் கடைக்கு அளவுச் சட்டையோடு வருவார்கள். பழைய சட்டையைக் கொடுத்து, இதே மாதிரி தைத்துக் கொடுங்கள் என்பார்கள். அந்தச் சட்டையின் முழங்கையில் கிழிசல் இருக்கும், காலர் நைந்திருக்கும், பையில் மைக்கறை இருக்கும். நாங்கள் இதுவரை யாருக்கும் கிழிசலும் கறையும் வைத்துத் தைத்துக் கொடுத்ததில்லை. இதற்குப் பெரிய படிப்புத் தேவைப்படவில்லை. நடுவர் பட்டப்படிப்பு முடித்தவர் என்று கேள்வி.

8. குழுவின் பதிவேட்டை உறுப்பினர் எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்று கீழ்த்தளத்தில் அறிவிப்பு இருக்கிறது. சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கிப் பார்த்தேன். விதி 17 சேர்க்கப்பட்ட நாளில் இப்படி எழுதியிருக்கிறது: "உறுப்பினர் ஒருவர் ஆட்டத்தின் நடுவே எழுந்து கீழே போய்ச் செய்தித்தாள் படித்துக்கொண்டு, மற்றவர்களை ஒரு மணி நேரம் காக்க வைக்கிறார். இதைத் தடுக்கவே இவ்விதி." அந்த உறுப்பினரின் அட்டை எண்ணையும் குறித்திருக்கிறார்கள். எண் 38. நடுவரின் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் எண் 38 என்றே இருக்கிறது. எழுந்து போனவருக்காக எழுதிய விதியை, நின்ற இடத்தை விட்டு அசையாதவள் மேல் அவரே போட்டிருக்கிறார்.

9. அதே பதிவேட்டில் இன்னொன்றும் கண்டேன். உறுப்பினரை நீக்கும் தீர்ப்பு அன்றே நடுவரின் கையொப்பத்துடன் பதிவானால்தான் செல்லும் என்பது விதி 3. அன்றைய பக்கத்தில் தீர்ப்பு இருக்கிறது, கையொப்பம் இல்லை. மைத்துனருக்கு நாற்காலி இழுத்துப் போடும் மும்முரத்தில் மறந்திருக்கலாம். ஆக, எழுத்துப்படி நான் நீக்கப்படவில்லை. நோக்கப்படியும் நீக்கப்படவில்லை. மூன்றாவதாக ஒரு வழி இருந்தால் அது நடுவருக்கு மட்டுமே தெரிந்தது.

10. அதன் பிறகு வந்த மூன்று ஞாயிறும் நான் மாடி ஏறிப் போனேன். உள்ளே போகவில்லை. வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு வழியாக எல்லாம் கேட்கிறது. மைத்துனர் தம் முறை வரும்போதெல்லாம் "நானும் வெட்டுறேன்" என்கிறார். எதிரில் வெட்டுவதற்கு ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. அது செயலாம்.

ஆகவே, ஆறாவது இருக்கையை எனக்குத் திரும்பத் தரும்படியும், அந்த ஞாயிறு என் ஆள் செய்த வேலையைப் பதிவேட்டில் வேலை என்றே எழுத உத்தரவிடும்படியும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நடுவரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும். என் முறை வரும்போது அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். நான் பதில் சொல்ல வேண்டும்.

விசாரணைக்கு அழைத்தால் நேரில் வருவேன். சீட்டில் எழுதி நீட்ட மாட்டேன், பேசுவேன். இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் உதவியாக இருக்கும். சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் முடிவு வரும் வரை, தங்கள் நூலகப் பதிவேட்டின்படியே, என் ஆள் அந்தக் கிணற்றின் விளிம்பில்தான் நிற்கிறாள். கயிற்றை விடவில்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)
உறுப்பினர் 412, ஆறாவது இருக்கை

நாள்: மார்ச் 6, திங்கள்
இடம்: தையல் கடை, காஜா மேசை