செல்லனின் சிரிப்பு அறுபது அடி

மார்ச் 3, 1987

இந்த டைரி 84-ஆம் ஆண்டுக்குரியது. போன மாதம் குப்பையில் கிடைத்தது, ஒரு பக்கம்கூட எழுதாமல். கிழமை பொருந்தாது. தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்று மேட்டுக்குக் குப்பை ஏழு லோரிதான். பால் டின் நிறைய, அலுமினியம் கொஞ்சம். மத்தியானம் கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சிவானந்தம், ஆவணப்படம் எடுப்பவர், தோளில் கேமரா. மற்றவர் அழகேசன், ஓவியர், காலில் வெள்ளைச் சப்பாத்து. குப்பைமேட்டின் கடலோரப் பக்கம் உள்ள சமதரையில், இங்கே சாமான் பிரிக்கும் எங்கள் பதினாலு பேரையும் சேர்த்துக்கொண்டு, குப்பையாலேயே ஒரு பெரிய முகம் செய்யப் போகிறார்களாம். அதைச் செய்வதைப் படமாகப் பிடிக்கப் போகிறார்களாம்.

எங்களில் ஒருவன் செல்லன், என் காதருகே வந்து, "பைத்தியமா இருக்குமோக்கா?" என்றான். பைத்தியம் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு இங்கே வராது என்றேன்.

கேமராவைக் கண்டதும் முகத்துண்டை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டேன். புழுதிக்காக என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மார்ச் 7

மகள் ரமணி ரவாங்கிலிருந்து வந்தாள். தொழிற்சாலை ஆபீசில் வேலை, சனிக்கிழமைதான் வீடு. ஆவணப்படம் என்று சொன்னதும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, உன் மூஞ்சி மட்டும் தெரியக்கூடாது."

எனக்குத் தெரியாதா? தை மாதம்தான் ரவாங்கில் கார்த்திகேசு வீட்டில் ரமணிக்கு வெற்றிலை பாக்கு மாற்றினோம். நல்ல பிள்ளை. அவன் அம்மா இராஜம்மாவிடம் ரமணி சொல்லி வைத்திருப்பது, நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் இருக்கிறேன் என்று. அந்தம்மா நேரில் கேட்டபோது நானும் தலையாட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பெரிய அரிச்சந்திரி.

துண்டை அவிழ்ப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

மார்ச் 13

அழகேசன் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு பெண்ணின் முகம் வரைந்திருக்கிறார். அழுகிற முகம். மூன்று நாளாக அதற்குள் கலப்புக் குப்பையைக் கொட்டி நிரப்பினோம். டின், புட்டி, பிளாஸ்டிக், ஒயர் எல்லாம் ஒன்றாக. கண்ணீருக்கு மட்டும் செப்புக் கம்பி.

எனக்குக் கையெல்லாம் அரித்தது. கலந்து கிடக்கிற குப்பையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்ன பிழைப்பு?

மார்ச் 14

ஐயோ, இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது.

அவர்கள் வருவது பத்து மணிக்கு. நாங்கள் ஆறு மணிக்கே வந்துவிட்டோம். லோரி வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒருவர் அந்த முகத்தின் ஓரத்திலிருந்து ஒரு டின்னை எடுத்து அப்பால் வைத்தார். இன்னொருவர் ஒரு புட்டியை எடுத்தார். சத்தியமாக யாரும் கெடுக்க நினைக்கவில்லை. கை தானாகப் போயிற்று. என் கையும்தான், மறைக்க மாட்டேன். ஒன்பதரை மணிக்கு முகம் இல்லை. ஒன்பது குவியல் இருந்தது, டின் தனியாக, பச்சைப் புட்டி தனியாக, பழுப்புப் புட்டி தனியாக, பூப்போல.

செல்லன் கண்ணீரை மூட்டை கட்டி, பழைய சாமான் வாங்கும் தவுக்கேயின் லோரியில் ஏற்றிவிட்டிருந்தான்.

அழகேசன் வந்து பார்த்தார். தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அதை அவரிடம் சொன்னால் அடிப்பாரோ என்று பயமாக இருந்தது. சிவானந்தம் கேமராவைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். வாங்கி வந்த பிலிமில் பாதி தீர்ந்துவிட்டதாம், மாதக் கடைசியில் அந்த இடத்தை நிரவ புல்டோசர் வருகிறதாம், இனி முடியாதாம்.

எனக்குக் கோபமா, வெட்கமா, தெரியவில்லை. அந்தக் குவியல்களைப் பார்த்தபடி நின்றேன். வெயில் ஏறியிருந்தது. துருப்பிடித்த டின் குவியல் அப்படியே செல்லனின் தோல் நிறத்தில் இருந்தது. பழுப்புப் புட்டி, அவன் கழுத்து மடிப்பு. மூன்று நாள் கலந்து கொட்டியதில் தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. பிரித்ததும் நிறம் வந்துவிட்டது.

அதைத்தான் சொன்னேன். "சார், பத்து நாள் குடுங்க. எந்தக் குப்பை எந்த நிறம்னு எங்களுக்குத் தெரியும். நீங்க கோடு மட்டும் போடுங்க."

அழகேசன் எழுந்து குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என் பெயரைக் கேட்டார். பதினோரு நாளில் முதல் தடவை.

மார்ச் 16

யார் முகம்? அழுகிற முகம் வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரல். அழுகையை வீட்டிலேயே போதுமான அளவு பார்க்கிறோம், அதை அறுபது அடிக்கு வேறு பார்க்க வேண்டுமா? சிரிக்கிற முகம்தான். சிரிப்பில் எங்களில் செல்லனை அடிக்க ஆளில்லை. லோரியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டு போனபோதுகூட, வாயில் ரத்தத்தோடு சிரித்தவன்.

அவனுக்குக் கல்யாண மாப்பிள்ளைபோல வெட்கம் வந்துவிட்டது. நாளை சவரம் செய்துகொண்டு வருவானாம்.

மார்ச் 19

நெற்றி முடிந்தது. வியர்வை மினுக்கத்துக்கு அலுமினிய மூடி வைத்தேன். அழகேசன் என்னை "மண்டோர்" என்று கூப்பிடுகிறார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், எங்களை விரட்டி வேலை வாங்கும் மண்டோர் என்றால் எனக்குப் பிடிக்காது. இப்போது பிடிக்கிறது.

மார்ச் 21

பல்லுக்கு வெள்ளை கிடைக்கவில்லை. கடைசியில் தஞ்சோங் காராங் பக்கமிருந்து வந்த லோரியில் உடைந்த பீங்கான் கக்கூஸ் மங்கு ஆறு வந்தது. கழுவிக் காயவைத்து அடுக்கினோம். நல்ல பளபளப்பு. செல்லனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ஊரே பாக்கப் போவுது, என் பல்லு கக்கூஸ் மங்கா?"

சோற்றுத் தட்டு உடைசலும் பாதி கலந்திருக்கிறது என்று சமாதானம் செய்தேன். விழுந்த பல் இரண்டுக்கும் லோரி டயர். அதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை.

மார்ச் 24

சிவானந்தம் துண்டை எடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மாட்டேன் என்றேன். கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தலைவி இல்லாத படம் தலையில்லாத முண்டம் என்றார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 26

மழை. ஒன்றும் நகரவில்லை, கடவுள் புண்ணியம்.

மார்ச் 28

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இன்றைக்கு மேலிருந்து படம் பிடிக்கும் நாள். மூங்கில் சாரம் முப்பது அடிக்குக் கட்டியிருந்தோம். சிவானந்தம் கேமராவோடு மேலே. என்ன சரி, என்ன கோணல் என்று பார்த்துச் சொல்ல நானும் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன்.

அட, செல்லன்!

கீழே பத்து நாளாக டின்னும் டயரும் பார்த்தவள் நான். மேலிருந்து அவன், அவனேதான், வெயிலில் முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு கிடந்தான். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நான் செய்தது. நாங்கள் செய்தது.

கேமரா ஓடத் தொடங்கிய நேரம் பார்த்துக் கடல் காற்று கிளம்பியது. தலைமுடிக்குப் போட்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் பாதித் தலை பறந்து நெற்றியையும் கலைத்துவிடும். "டயரைப் போடு! காதுக்கு மேல!" என்று கத்துகிறேன், கீழே ஒருவருக்கும் கேட்கவில்லை. துண்டுக்குள்ளேயே குரல் நின்றுவிட்டது. கையை ஆட்டினால் அவர்களும் மகிழ்ச்சியாகக் கையை ஆட்டுகிறார்கள்.

பிய்த்து எறிந்தேன் துண்டை. தொண்டை கிழியக் கத்தினேன். தோட்டத்தில் மண்டோர் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கக் கத்துவானே, அது ஒன்றுமில்லை. பதிமூன்று பேரும் ஓடினார்கள். டயர் விழுந்தது. முடி நின்றது.

அப்புறம்தான் திரும்பினேன். கேமரா என் முகத்துக்கு நேரே இருந்தது.

மார்ச் 29

ரமணியிடம் சொல்லிவிட்டேன். "ஒரு துண்ட ஒழுங்கா புடிச்சிக்கத் தெரியாதாம்மா?" என்று அழுதாள். வாக்குக் கொடுத்தவள் நான்தானே.

சாயங்காலம் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு குப்பைமேட்டுக்கே போனேன். நாலு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், சப்பாத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுச் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் கழித்து இறங்கினாள்.

"இடது கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கு" என்றாள்.

செல்லனுக்கே அப்படித்தான் என்றேன். அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டதும் வீட்டுக்கு நடந்தோம்.

மார்ச் 31

புல்டோசர் வந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் கழித்து வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

ஏப்ரல் 25

சிவானந்தத்திடமிருந்து கடிதம். முதல் காட்சி ஜூலையில், ரவாங் மண்டபத்தில். மண்டபம் அங்கேதான் கிடைத்ததாம். உலகத்தில் வேறு ஊரே இல்லை! நான் துண்டை எறிகிற இடம்தான் படத்துக்கே உயிர் என்கிறார். ஆனாலும் நான் வேண்டாம் என்றால் வெட்டிவிடுவாராம்.

வெட்டிவிடுங்கள் என்று எழுதிவிட்டு ரமணியிடம் படித்துக் காட்டினேன். கேட்டாள். தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள்.

"கார்த்தி வீட்டுல நானே சொல்றேன். பொய் சொன்னது நான்தானே."

மே 3

இரண்டு பேருமாக பஸ்ஸில் போனோம். இராஜம்மா கோப்பி கொடுத்தார்கள். ரமணி தலையைக் குனியாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி பொய், அம்மா குப்பைமேட்டில் சாமான் பிரிக்கிறவர், ஜூலையில் படத்தில் வருவார். நானும் தலையாட்டியது தப்பு என்றேன்.

அந்தம்மா கோப்பிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினார்கள். "குப்பையில வேல செய்யிறதுக்கு நான் என்ன சொல்லப் போறேன்? என் வீட்டு வாசல்ல உக்காந்து பொய் சொன்னீங்களே, அதான் ஆறல" என்றார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. திரும்பி வரும்போது பயமாகத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இல்லை. சிவானந்தத்துக்கு எழுதிவிட்டேன், வெட்ட வேண்டாம்.

ஜூன் 6

இராஜம்மா வீட்டிலிருந்து இன்னும் ஒன்றுமில்லை. கார்த்திகேசு மட்டும் ரமணியைத் தினமும் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறானாம்.

ஜூலை 12

ரவாங் மண்டபம் நிறைந்துவிட்டது. பதினாலு பேரும் ஒரே வேனில் போனோம். செல்லன் புதுச் சட்டை. எங்களை முன்வரிசைக்கு அழைத்தார்கள். மற்றவர்கள் போனார்கள், ரமணியோடு நான் மட்டும் நடு வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். விளக்கை அணைக்கும் நேரத்தில் கார்த்திகேசு தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தான். இராஜம்மா என்னைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

குவியல்களைப் பார்த்து அழகேசன் தரையில் உட்கார்ந்தபோது மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். செல்லனின் முகம் மேலிருந்து முழுதாக வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். செல்லன் எழுந்து நின்று கும்பிட்டான்.

பிறகு காற்று. துண்டு. திரை முழுக்க என் முகம், கூந்தல் அவிழ்ந்து, வாய் கிழிய. இவ்வளவு பெரிய முகமா எனக்கு? கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், மூடவில்லை. பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தேன்.

முன்னால் இருந்த அம்மாள் ஒருத்தி பின்னால் திரும்பி, "யாரு இந்த பொம்பள, இந்தப் போடு போடுறா?" என்று கேட்டாள்.

ரமணி வாயைத் திறப்பதற்குள் இராஜம்மா சொன்னார்கள்.

"எங்க சம்பந்தி."

"வீட்டுலயும் இப்படித்தான் அத்தை" என்றாள் ரமணி.