பெரிய டிவியும் அலமாரிக் கதவும்

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். டிவி மாட்டுகிறவர்கள் நாலு மணிக்கு வருவார்கள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

கடையில் நான் டேப்பை நீட்டி, "இவ்வளவு அகலம் வேணாங்க, அந்தச் சுவர்ல மாட்டினா அலமாரிக் கதவு திறக்காது" என்றேன். நீங்கள் கடைக்காரரிடம், "இவ தையல்காரி சார், விட்டா டிவிக்கும் சட்டை தச்சுடுவா" என்றீர்கள். கடையே சிரித்தது. வெட்கக்கேடு, நானும் சிரித்தேன். பஸ் ஏறிய பிறகுதான் கோபம் வந்தது.

அதனால் பழிவாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். காலையிலேயே என் துணிகளை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்து தையல் மெஷின் பக்கத்தில் அடுக்கிவிட்டேன். உங்களுடையவை உள்ளே பத்திரமாக இருக்கின்றன. டிவியை மாட்டிவிட்டால் கதவு நாலு விரல்தான் திறக்கும். கை உள்ளே போகும். துணியைப் பிடித்த கை வெளியே வராது. கதவை அந்த அளவில் பிடித்துக்கொண்டு நானே சோதித்துப் பார்த்தேன்.

அவர்கள் சுவரில் துளை போடுவதற்கு முன் போன் பண்ணி, "நீ எடுத்த அளவுதான் சரி" என்று சொன்னால், வேறு எங்கே மாட்டலாம் என்று சொல்வேன். கடையில் பேசிய அதே சத்தத்தில் சொல்லவும். வந்தவர்கள் காதிலும் விழ வேண்டும்.

பி.கு.: நாளை உங்கள் இன்டர்வியூவுக்கு நீலச் சட்டையையும் பேண்டையும் தேய்த்து ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறேன். பட்டன் ஒன்று தளர்ந்திருந்தது, தைத்துவிட்டேன். உடனே கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பனியன், ஜட்டியெல்லாம் அலமாரிக்குள்தான்.